கதாபாத்திரம் இறந்தால் கண்ணீர் ஏன்? தொலைக்காட்சித் தொடர்களும் பார்வையாளர் மனமும்



படிவம் நான்கு மாணவர்களுக்கு ஒருநாள் காலையில் கட்டுரைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முதல் நாள் கொடுத்த வீட்டுப்பாடத்தை ஒரு மாணவி மட்டும் செய்துவரவில்லை. வழக்கமாகத் தவறாமல் செய்துவரும் பிள்ளை. காரணம் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"நேத்து ராத்திரி சீரியல்ல அந்தப் பெரியம்மா செத்துப்போயிட்டாங்க டீச்சர். அம்மா ரொம்ப அழுதுட்டாங்க. காலையில பசியாறக்கூட இல்ல. நான்தான் தம்பிகளப் பார்த்துக்கிட்டேன்."

வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொன்னால், நானும் சிரித்துவிட்டேன். "அது வெறும் நாடகம்தானே, அந்த நடிகை வீட்டுல நல்லா சாப்பிட்டுட்டுத் தூங்கியிருப்பாங்க" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கண்கள் மட்டும் கலங்கின. அன்று முழுவதும் அவள் கை உயர்த்தவே இல்லை.

சில வாரங்கள் கழித்துப் பெற்றோர் சந்திப்பு நாளில் அந்தத் தாயார் வந்தார். பேச்சோடு பேச்சாக நாடகத்தைப் பற்றியும் சொன்னார். அந்தத் தொடரைத் தம் மாமியாரோடுதான் தினமும் உட்கார்ந்து பார்ப்பாராம். மாமியார் முந்தின வருஷம் தவறிவிட்டார். "அந்தப் பெரியம்மா பேசுறப்பல்லாம் எங்க அத்தை பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும் டீச்சர். அவங்களும் போனதும் என்னமோ ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'வெறும் நாடகம்தானே' என்று நான் சொன்னது சரியான விளக்கம்தானா? இந்தக் கேள்வியால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். ஊடகத்தின் தாக்கம், தொலைக்காட்சி நாடகங்களின் நன்மை தீமை போன்ற தலைப்புகள் நம் மாணவர்களுக்கு அடிக்கடி வருகின்றன. பெரும்பாலோர் 'நாடகம் பார்த்து அழுவது அறியாமை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விளக்கக் கட்டுரையில் ஒன்றைத் தீர்ப்புச் சொல்லி முடித்தால் போதாது. அது ஏன் நடக்கிறது என்று காட்டவேண்டும்.

1. உலகம் முழுவதும் நடந்த கதை

நம் வீட்டுப் பெண்கள் மட்டும்தான் நாடகம் பார்த்து அழுகிறார்கள் என்பது ஒரு தவறான எண்ணம். மூன்று நிகழ்வுகளைப் பார்ப்போம்.

*முதல் நிகழ்வு: அமெரிக்கா, 1975*

'மேஷ்' என்பது அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1972 முதல் 1983 வரை ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடர். கொரியப் போரின்போது, போர்முனைக்கு அருகில் இயங்கிய ஒரு ராணுவ அறுவைச் சிகிச்சை முகாம்தான் கதைக்களம். அந்த முகாமின் தலைவர் ஹென்றி பிளேக். கண்டிப்பே தெரியாத, எல்லாவற்றிலும் கொஞ்சம் தடுமாறுகிற, ஆனால் மனத்தால் நல்லவர். மெக்லீன் ஸ்டீவன்சன் என்ற நடிகர் அந்த வேடத்தில் நடித்தார்.

மூன்றாம் பருவத்தின் முடிவில் நடிகர் தொடரைவிட்டு விலக முடிவு செய்தார். ஆகவே, ஹென்றிக்குப் பணிவிடுப்புக் கிடைத்து அவர் வீடு திரும்புவதாகக் கதை எழுதப்பட்டது. 1975 மார்ச் 18ஆம் தேதி அந்தப் பகுதி ஒளியேறியது. எல்லாரும் கட்டித் தழுவி விடைகொடுக்கிறார்கள். ஹெலிகாப்டர் புறப்படுகிறது. பார்ப்பவர்கள் சிரிப்பும் நெகிழ்ச்சியுமாக இருக்கும் நேரத்தில் கடைசிக் காட்சி வருகிறது. முகாமின் இளம் எழுத்தர் அறுவைச் சிகிச்சை அறைக்குள் வந்து, ஹென்றி சென்ற விமானம் ஜப்பான் கடலின்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது என்றும் யாரும் பிழைக்கவில்லை என்றும் அறிவிக்கிறான். மருத்துவர்கள் முகமூடிக்குள் அழுதபடி வேலையைத் தொடர்கிறார்கள். அவ்வளவுதான், முடிந்தது.

அந்தக் கடைசிப் பக்கத்தைத் தயாரிப்பாளர்கள் படப்பிடிப்பு நெருங்கும்வரை பெரும்பாலான நடிகர்களிடம்கூடக் காட்டவில்லை. ஆகவே, திரையில் தெரியும் அதிர்ச்சியில் பாதி உண்மையான அதிர்ச்சி.

பார்வையாளர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. சிலர் அழுதோம் என்று எழுதினார்கள். பலர் கோபமாக எழுதினார்கள்: சிரிக்க வைக்கும் நாடகத்தில் இப்படிச் செய்யலாமா, அவரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட்டும் ஜீன் ரெனால்ட்ஸும் பல கடிதங்களுக்குத் தாங்களே பதில் எழுதினார்கள். அவர்கள் சொன்ன காரணத்தின் சாரம் இதுதான்: போரில் முகம் தெரியாதவர்கள் மட்டுமே சாவதில்லை, நமக்குப் பிடித்தவர்களும் சாகிறார்கள். வாரந்தோறும் பெயரில்லாத காயம்பட்ட வீரர்கள் அந்த நாடகத்தில் வந்துபோனார்கள். அவர்களுக்காக யாரும் கடிதம் எழுதவில்லை. ஹென்றிக்காக எழுதினார்கள். தயாரிப்பாளர்கள் காட்ட நினைத்ததும் அந்த வேறுபாட்டைத்தான். அப்போது வியட்நாம் போர் அதன் கடைசி வாரங்களில் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். பலரது வீட்டுப் பிள்ளைகள் உண்மையிலேயே திரும்பி வராத காலம் அது.

*இரண்டாம் நிகழ்வு: இந்தியா, 2001 வாக்கில்*

2000 ஜூலையில் ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியில் 'கியூன்கி சாஸ் பி கபி பஹு தி' என்ற இந்தித் தொடர் தொடங்கியது. 'மாமியாரும் ஒருகாலத்தில் மருமகளாக இருந்தவர்தானே' என்பது தலைப்பின் பொருள். ஏக்தா கபூரின் பாலாஜி நிறுவனம் தயாரித்த அத்தொடர் 2008 வரை 1,800 பகுதிகளுக்கு மேல் ஓடியது. கதாநாயகி துளசியாக நடித்தவர் ஸ்மிருதி இரானி. அவருடைய கணவன் மிஹிர் வேடத்தில் நடித்தவர் அமர் உபாத்யாய்.

தொடர் புகழின் உச்சியில் இருந்தபோது மிஹிர் விபத்தில் இறந்துவிட்டதாகக் கதை போனது. பார்வையாளர்கள் ஏற்கவில்லை. தொலைபேசி அழைப்புகளும் கடிதங்களும் தயாரிப்பாளர்களைத் திணறடித்தன. சொந்த வீட்டில் துக்கம் நடந்தது போலப் பலர் பேசினார்கள். கடைசியில் என்ன ஆயிற்று? மிஹிர் சாகவில்லை, நினைவிழந்து வேறிடத்தில் வாழ்கிறார் என்று கதை திருப்பப்பட்டது! பிறகு அமர் உபாத்யாய் விலகியபோது மிஹிரை மறுபடி கொல்ல யாருக்கும் துணிவில்லை. அதே பாத்திரத்தில் வேறு நடிகர்கள் வந்தார்கள். 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

இப்படித் திரும்பி வந்தவர்களில் மிஹிர் முதல்வர் அல்லர். ஆர்தர் கோனன் டாயில் 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார். கதையை வெளியிட்ட 'ஸ்ட்ராண்ட்' இதழின் சந்தாவை இருபதாயிரம் பேர் நிறுத்தியதாகச் சொல்வார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1903இல் டாயில் ஹோம்ஸை உயிரோடு கொண்டுவந்தார். அப்போது தொலைக்காட்சி இல்லை. மனித மனம் மட்டும் இதே மனம்தான்.

*மூன்றாம் நிகழ்வு: மறுபடியும் அமெரிக்கா, 1983*

இது ஆசிரியர்களுக்கு மிகவும் வேண்டிய நிகழ்வு. 'செசமி ஸ்ட்ரீட்' என்ற சிறுவர் நிகழ்ச்சியைப் பலர் அறிவீர்கள். 1969இல் அது தொடங்கிய நாள்முதல் அதில் ஹூப்பர் என்ற கடைக்காரத் தாத்தா இருந்தார். அவராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். தயாரிப்புக் குழுவின் முன் பல வழிகள் இருந்தன. வேறொரு நடிகரைப் போடலாம். தாத்தா ஊர்மாறிப் போய்விட்டார் என்று சொல்லலாம். அவர்கள் உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்தார்கள். குழந்தை உளவியல் அறிந்தவர்களிடம் ஆலோசனை கேட்டே அந்தப் பகுதியை எழுதினார்கள்.

1983 நவம்பர் 24ஆம் தேதி அது ஒளியேறியது. அமெரிக்கர்கள் குடும்பத்தோடு வீட்டில் இருக்கும் நன்றி நவிலும் நாள் அது. பிள்ளைகள் கேள்வி கேட்டால் பதில் சொல்லப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதே காரணம். அதில் 'பிக் பேர்ட்' என்ற பெரிய மஞ்சள் பறவை எல்லாரையும் படம் வரைந்து ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறது. ஹூப்பர் தாத்தாவின் படம் மட்டும் கையில் மிஞ்சுகிறது. 'அவர் வந்ததும் கொடுக்கிறேன்' என்கிறது. பெரியவர்கள் அவர் இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார் என்று பொறுமையாக எடுத்துச் சொல்கிறார்கள். தூங்குகிறார் என்றோ பயணம் போயிருக்கிறார் என்றோ சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சிறுபிள்ளை தூங்கவே பயப்படும் அல்லவா? ஏன் இப்படி நடக்கவேண்டும் என்று பறவை கேட்கும்போது அவர்களிடம் பெரிய விளக்கம் எதுவும் இல்லை. இது இப்படித்தான் என்கிறார்கள். தாத்தாவின் பெயரை எப்போதும் தப்பாகவே சொல்லும் அந்தப் பறவை, கடைசியிலும் தப்பாகவே சொல்கிறது. எப்போதும் தாத்தா திருத்துவார். இப்போது வேறொருவர் அழுதுகொண்டே திருத்துகிறார்.

2. ஏன் வலிக்கிறது?

இனி விளக்கத்துக்கு வருவோம். மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

*காரணம் ஒன்று: பழக்கம்.* திரைப்படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தொலைக்காட்சித் தொடர் அப்படியில்லை. வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 260 பகுதிகள், 130 மணி நேரம். மூன்று ஆண்டு ஓடினால் 390 மணி நேரம். கோலாலம்பூரில் இருக்கும் நாம் ஈப்போவில் இருக்கும் சித்தப்பாவோடு மூன்று ஆண்டுகளில் அவ்வளவு நேரம் செலவிட்டிருப்போமா? அதுவும் அந்தப் பாத்திரம் நம் வீட்டு வரவேற்பறைக்கே வருகிறது. நாம் துணி மடிக்கும்போதும், சாப்பிடும்போதும், பிள்ளைக்குத் தலைவாரும்போதும் கூடவே இருக்கிறது.

*காரணம் இரண்டு: ஒருதலை உறவு.* 1956ஆம் ஆண்டில் டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுபவர்களோடு பார்வையாளர்கள் ஒரு நட்பை வளர்த்துக்கொள்கிறார்கள் என்றும், அது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் செல்லும் நட்பு என்றும் விளக்கினார்கள். நமக்கு அவரைத் தெரியும். அவருக்கு நம்மைத் தெரியாது. இதை ஒருதலை உறவு என்று சொல்லலாம். உறவு ஒருதலையாக இருப்பதால் உணர்வு பொய்யாகிவிடாது. அவர் உண்மையானவர் அல்லர் என்பது மூளைக்குத் தெரியும். நேற்றுவரை எட்டு மணிக்கு வந்தவர் இன்று வரவில்லை என்பதும் அதே மூளைக்குத் தெரிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

*காரணம் மூன்று: கூடப் பார்த்தவர்கள்.* நாடகத்தை நாம் தனியாகப் பார்ப்பதில்லை. பாட்டியோடு பார்க்கிறோம், அக்கம்பக்கத்தாரோடு அதைப் பற்றிப் பேசுகிறோம், பினாங்கில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் கதை சொல்கிறோம். ஆகவே, பாத்திரத்தோடு நம் சொந்த நினைவுகளும் ஒட்டிக்கொள்கின்றன. பாத்திரம் போகும்போது அந்த நினைவுகளும் அசைகின்றன. என் மாணவியின் தாயார் யாருக்காக அழுதார்? நாடகப் பெரியம்மாவுக்காகவா, தம் மாமியாருக்காகவா? அவராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

3. தொல்காப்பியம் என்ன சொல்கிறது?

இந்த இடத்தில் நம் இலக்கணம் நமக்குக் கைகொடுக்கிறது. உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்கிறோம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நந்நான்கு காரணங்களையும் தருகிறது. ஆக மொத்தம் முப்பத்திரண்டு.

அழுகை பிறக்கும் நான்கு காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. வறுமை நீங்கலாக மற்ற மூன்றும் நம் பொருளுக்கு எப்படிப் பொருந்துகின்றன என்று பாருங்கள்.

- இழவு என்பது உற்றாரையோ பொருளையோ இழப்பது. மிஹிருக்காக அழுதவர்களின் அழுகை இது.
- அசைவு என்பது முன்பிருந்த நிலை கெட்டு வேறு நிலைக்கு வந்து வருந்துவது. எட்டு மணிக்கு வழக்கமாக வருபவர் இனி வரமாட்டார் என்னும் வெறுமை இதில் அடங்கும்.
- இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளிமைப்படுவது.

இந்த மூன்றாவதை எழுதும்போது எனக்கு அந்த வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. தாய் அழுதது இழவால். மகள் கண்கலங்கியது இளிவால். முதல் அழுகைக்கு ஒரு நாடக எழுத்தாளர் காரணம். இரண்டாவதற்கு நான் காரணம்.

அடுத்து வெகுளி. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகிய நான்கும் வெகுளிக்குக் காரணங்கள். பட்டியலில் கொலையும் இருக்கிறது, கவனித்தீர்களா? பார்வையாளர் எதிர்வினை எப்போதும் இரண்டாகப் பிரிவதை மேலே கண்டோம்: சிலர் அழுகிறார்கள், சிலர் கோபப்படுகிறார்கள். 'அவர் இறந்துவிட்டார்' என்று நினைப்பவருக்கு அது இழவு, அழுகை வருகிறது. 'அவரைக் கொன்றுவிட்டார்கள்' என்று நினைப்பவருக்கு அது கொலை, வெகுளி வருகிறது. பார்த்த காட்சி ஒன்றுதான். எழுத்தாளர் என்று ஒருவர் பின்னால் இருக்கிறார் என்பதை மறந்தவர் அழுகிறார்; நினைவில் வைத்திருப்பவர் கோபப்படுகிறார். ஒரே ஆள் இன்று அழுதுவிட்டு நாளை கோபப்படுவதும் உண்டு.

நம் கூத்து மரபும் இதை அறிந்ததுதான். அபிமன்யு சாவான் என்பதும் கர்ணன் சாவான் என்பதும் கூத்துப் பார்க்கப்போன எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அழுதார்கள். கோவலன் கொலையுண்ணும் பகுதியை ஆண்டுதோறும் நடத்தும் ஆசிரியருக்கும் அந்த இடத்தில் குரல் கம்மத்தானே செய்கிறது?

4. ஏன் சாகடிக்கிறார்கள்?

மாணவர்கள் மறுபக்கத்தையும் எழுதவேண்டும். ஒரு பாத்திரம் தொடரில் இறப்பதற்குப் பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றுள் ஒன்று காரணமாக இருக்கும்.

1. நடிகர் விலகுவது. ஹென்றி பிளேக் இவ்வகை. ஆனால் விலகினால் சாகத்தான் வேண்டும் என்பதில்லை. வெளியூருக்கு அனுப்பலாம். இல்லையென்றால் நமக்கு நன்கு பழகிய 'இவருக்குப் பதில் இவர்' என்ற அறிவிப்பைப் போடலாம்.
2. நடிகர் காலமாவது. ஹூப்பர் தாத்தா இவ்வகை. இதிலும் வேறு வழி உண்டு. சன் தொலைக்காட்சியின் 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலமானார். பாத்திரம் சாகவில்லை, வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். பார்வையாளர்கள் உண்மையான ஒரு மனிதருக்காகத் துக்கப்பட்டுக்கொண்டே, அதே பாத்திரத்தை வேறு முகத்தில் ஏற்கப் பழகவேண்டியிருந்தது. முகம் வேறு, பாத்திரம் வேறு என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மனம் அவ்வளவு சுலபமாகப் பிரிப்பதில்லை.
3. கதையின் தேவை. போர்க்கதையில் யாருமே சாகாவிட்டால் அது போர்க்கதை ஆகாது.
4. பரபரப்பு. பார்வையாளர் எண்ணிக்கை குறையும்போது ஒரு சாவைக் காட்டினால் ஊரே பேசும். இதுதான் அதிகம் கண்டிக்கத்தக்கது.

மூன்றாவதையும் நான்காவதையும் எப்படி வேறுபடுத்துவது? எனக்குத் தெரிந்த எளிய வழி ஒன்று: சாவுக்குப் பிறகு வரும் பகுதிகளைப் பாருங்கள். மற்றப் பாத்திரங்கள் அந்த இழப்பைச் சுமக்கின்றனவா? அல்லது அடுத்த வாரமே கல்யாணக் காட்சி வந்து எல்லாரும் மறந்துவிடுகிறார்களா? சாவுக்கு மதிப்புக் கொடுக்கும் கதை, பார்வையாளர் கண்ணீருக்கும் மதிப்புக் கொடுக்கிறது.

மிஹிர் திரும்பியது பார்வையாளர்களுக்கு வெற்றியா? அன்று மகிழ்ந்தார்கள், உண்மை. ஆனால் அதற்குப் பிறகு தொடர்களில் யார் இறந்தாலும் 'இவரும் திரும்பி வந்துடுவார் பாரு' என்று சொல்லும் பழக்கமும் நம்மிடம் வந்துவிட்டது. சாவு நம்பத் தகாததாகிவிட்டால் அழுகையும் நம்பத் தகாததாகிவிடுகிறது. ஹூப்பர் தாத்தா திரும்பி வரவில்லை. அதனால்தான் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பகுதியைப் பற்றிப் பேசுகிறோம்.

5. எல்லை எது?

எல்லா எதிர்வினையும் சரி என்று சொல்ல வரவில்லை. அழுவது இயல்பு. எழுத்தாளருக்குக் கடிதம் எழுதி வருத்தத்தைச் சொல்வதும் பார்வையாளரின் உரிமை. ஆனால் வில்லன் வேடத்தில் நடித்தவரைக் கடைத்தெருவில் பார்த்து ஏசுவது, எழுத்தாளரின் குடும்பத்தை இழித்துப் பேசுவது, நாடகத் துக்கத்தால் நாள்கணக்கில் பிள்ளைகளையும் வேலையையும் மறப்பது ஆகியவை எல்லை மீறியவை. நாடகத்துக்காக அழுவது தவறில்லை. நாடகத்துக்காக உண்மையான மனிதரைப் புண்படுத்துவது தவறு. அதேபோல, நாடகத்துக்காக அழுதவரைக் கேலி செய்து புண்படுத்துவதும் தவறுதான். அதை நான் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

6. வகுப்பறையில் பயன்படுத்த

*ஆசிரியர்களுக்கு:* பாடத்தைத் தொடங்கும்போது "நீங்க பார்த்த நாடகத்துல யார் செத்தப்ப உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். யாரும் சிரிக்கக்கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பையன்கள் முதலில் வாய்திறக்க மாட்டார்கள். ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள், பிறகு நிறுத்தவே முடியாது! அண்மையில் வீட்டில் இழப்பைச் சந்தித்த மாணவர் இருந்தால் அவரைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

*மாணவர்களுக்கு:* ஒவ்வொரு கருத்துப் பத்தியிலும் நான்கு படிகள் இருக்கட்டும்: கருத்து, காரணம், எடுத்துக்காட்டு, விளைவு. இதோ ஒரு மாதிரிப் பத்தி.

"தொலைக்காட்சித் தொடரில் ஒரு பாத்திரம் இறக்கும்போது பார்வையாளர்கள் வருந்துவதற்கு நீண்டநாள் பழக்கமே முதன்மைக் காரணமாகும். வாரத்தில் ஐந்து நாள் ஒரு பாத்திரத்தைக் காணும் ஒருவர், தம்மை அறியாமலேயே அப்பாத்திரத்தைக் குடும்ப உறுப்பினராகக் கருதத் தொடங்குகிறார். எடுத்துக்காட்டாக, இந்தித் தொடர் ஒன்றில் மிஹிர் என்ற பாத்திரம் இறந்தபோது, பார்வையாளர்களின் எதிர்ப்பைத் தாங்க முடியாமல் தயாரிப்பாளர்கள் அப்பாத்திரத்தை மீண்டும் கொண்டுவந்தனர். இதனால், பார்வையாளர்களின் உணர்வு ஒரு தொடரின் போக்கையே மாற்றவல்லது என்பது புலனாகிறது."

இப்பத்தியில் எழுத்து வழக்கு மட்டுமே உள்ளதைக் கவனியுங்கள். 'செத்துட்டாரு', 'அழுதுட்டாங்க' போன்ற பேச்சு வழக்குகள் உரையாடலில் வரலாம். கருத்துப் பத்தியில் வரக்கூடாது.

*பயன்படும் மரபுத்தொடர்களும் உவமைத்தொடர்களும்:* மனம் இடிதல், கண் கலங்குதல், வாயடைத்துப் போதல், அனலில் இட்ட மெழுகு போல, இடியோசை கேட்ட நாகம் போல. ஒரு கட்டுரைக்கு இரண்டு போதும். ஐந்தையும் ஒரே பத்தியில் திணித்தால் படிப்பவருக்கு அழுகைக்குப் பதில் நகைதான் தோன்றும்.

*பயிற்சி வினாக்கள்*

1. தொலைக்காட்சித் தொடரில் புகழ்பெற்ற பாத்திரம் இறக்கும்போது பார்வையாளர்கள் வருந்துவதற்கான காரணங்களை விளக்கி எழுதுக.
2. 'பார்வையாளர்களின் விருப்பத்துக்கேற்பக் கதையை மாற்றுவது முறையே.' இக்கூற்றை ஆதரித்தோ மறுத்தோ விவாதிக்க.
3. உங்களுக்குப் பிடித்த பாத்திரம் ஒன்று தொடரில் இறந்துவிட்டது. அத்தொடரின் எழுத்தாளருக்கு உம் கருத்தை மரியாதையான முறையில் தெரிவித்து ஒரு கடிதம் எழுதுக.
4. அழுகை, வெகுளி ஆகிய இரு மெய்ப்பாடுகளையும் நீர் பார்த்த நாடகக் காட்சி ஒன்றைக்கொண்டு விளக்குக.

மூன்றாம் வினாவை என் வகுப்பிலும் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் வகுப்பின் எதிரில் அந்த மாணவியிடம், "அன்னைக்கு நான் சிரிச்சது தப்பும்மா" என்றேன். "பரவால்ல டீச்சர்" என்றாள். அவள் எழுதிய கடிதத்தில் எழுத்தாளரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. பெரியம்மாவுக்கு நாடகத்தில் காரியம் எதுவும் செய்து காட்டவில்லையே, பதினாறாம் நாளாவது காட்டியிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டிருந்தாள். இருபதுக்குப் பதினெட்டு கொடுத்தேன். இரண்டு ஒற்றுப்பிழைகள் இருந்தன.